வடக்கு ஜன்னலும் இர்விங் பென்னும்: என் செமினார் அனுபவம்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு செமினார் பேப்பர் இருந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்து ஃபேஷன் போட்டோகிராஃபர் ஒருவரை எடுத்துக்கொண்டு அவருடைய படங்களை ஆராய்ந்து எழுத வேண்டும், அப்புறம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. நான் எடுத்தது இர்விங் பென். இந்த வருடம் அதே பேப்பரை எழுதப்போகும் ஜூனியர்கள் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டார்கள். எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

என் முதல் டிராஃப்ட் முழுக்க வாழ்க்கை வரலாறு. 1917இல் நியூ ஜெர்சியில் பிறந்தார், பிலடெல்ஃபியாவில் அலெக்ஸி பிரொடோவிச்சிடம் டிசைன் படித்தார், 1943இல் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையில் அதன் ஆர்ட் டைரக்டர் அலெக்ஸாண்டர் லிபர்மனுக்கு உதவியாளராகச் சேர்ந்தார், 1950இல் மாடல் லிசா ஃபோன்சக்ரீவ்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார், 2009இல் காலமானார். தகவல் எதுவும் தப்பில்லை. ஆனால் எங்கள் மேடம் முதல் பக்க ஓரத்தில் "படம் எங்கே?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு படத்தை அரை மணி நேரம் பார், அதுவரை எதையும் படிக்காதே என்றார்.

நான் எடுத்துக்கொண்டது 1950இல் பாரிஸில் எடுத்த படம். ரோஷாஸ் நிறுவனத்தின் 'கடற்கன்னி' கவுனில் லிசா நிற்கிறார். பத்து நிமிடத்தில் என் நோட்டில் அழகு, நளினம், கம்பீரம் என்று மூன்று வார்த்தைகள் சேர்ந்திருந்தன. மூன்றையும் அடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். கவுன் உடம்போடு ஒட்டி முழங்கால் வரை இறங்கி, அங்கிருந்து மீன் வால் மாதிரி விரிகிறது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் முகம், துணி, தையல் எல்லாம் மறைந்து, வெளிர்ச் சாம்பல் மேல் கருமையான ஒற்றை வடிவம் மட்டும் நிற்கிறது. இதை நீங்களும் கட்டாயம் செய்து பாருங்கள். பாதிக் கண்ணில் எது மிஞ்சுகிறதோ அதுதான் படத்தின் எலும்பு. கண்ணை முழுதாகத் திறந்த பிறகு, ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிழலின் விளிம்பு கூர்மையா மிருதுவா, இருட்டான இடத்திலும் துணி மடிப்பு தெரிகிறதா, பின்திரை எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டே போனேன். பதில்களை எழுதவே நான்கு பக்கம் பிடித்தது.

படிக்கப் போனது அதற்குப் பிறகுதான். அப்போது தகவல்கள் தாமாகவே வந்து படத்தோடு ஒட்டிக்கொண்டன. அந்த வருடம் வோக்குக்காகப் பாரிஸின் புது உடைகளைப் படமெடுக்கப் போன பென், வோஜிரார் தெருவில் ஒரு பழைய போட்டோகிராஃபிப் பள்ளியின் மேல்மாடியில் வேலை செய்தார். வடக்கு வெளிச்சம், அதாவது வடக்கு ஜன்னல் வழியாக வரும் நேர் வெயில் இல்லாத மிருதுவான ஒளி, விழும் அறை அது. பின்னால் தொங்கியது பழைய நாடகத் திரை ஒன்று. அதைப் பிற்பாடு நியூயார்க்குக்குக் கொண்டுபோய்க் கடைசி வரை வைத்திருந்தார். சில படங்களில் அந்தத் திரையின் ஓரத்தையும் வெட்டாமல் விட்டிருக்கிறார். அந்த ஓரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கனவு மாதிரி ஒரு உருவத்தைக் காட்டிவிட்டு, இது ஒரு அறையில் தொங்கும் துணிதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.

வடக்கு வெளிச்சம் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஜூன் மாதம் சென்னையில் எங்கள் வீட்டு வடக்கு ஜன்னல் பக்கத்தில் தங்கையை நிறுத்தினேன். சாம்பல் நிறப் போர்வைதான் திரை, அம்மாவின் கறுப்புப் பட்டுப்புடவைதான் உடை. காலை எட்டு மணிக்கு வெயில் நேராக உள்ளே சாய்ந்து புடவையில் பளீரென்று ஒரு பட்டை போட்டது. எங்கே தப்பு என்று அன்று முழுக்கக் குழம்பினேன். பாரிஸில் உச்சிவேளைச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே நிற்கும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்கே போய்விடுகிறது. காலையும் மாலையும் வடகிழக்கு, வடமேற்கு மூலைகளிலிருந்து வெயில் வீட்டுக்குள் வரும். டிசம்பரில் அதே ஜன்னலில் மறுபடி முயன்றேன். காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் எடுத்த படங்களில் நிழலின் விளிம்பு ஒரே மாதிரி மிருதுவாக இருந்தது.

நிழல் பக்கம் வெள்ளைத் தெர்மாகோலை வைத்தபோது புடவை மடிப்புகள் தெரிந்தன, ஆனால் உருவம் தட்டையாகிவிட்டது. தெர்மாகோலை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணி பிடித்ததும் இடுப்பு வளைவு சட்டென்று வெட்டி நின்றது. ஒரு கோட்டுக்காக எவ்வளவு விவரத்தை இருட்டுக்குக் கொடுப்பது என்று படமெடுப்பவர் முடிவு செய்தாக வேண்டும். அது எனக்குப் புரிந்தது அந்த மதியத்தில்தான். முடிந்தால் நீங்களும் இப்படி ஒரு படம் எடுத்துப் பேப்பரோடு சேருங்கள். சுமாராக வந்தாலும் பரவாயில்லை.

வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்ட முதல் கேள்வி: "கறுப்பு வெள்ளையில் எடுத்தது கலர் இல்லாத காலம் என்பதாலா?" இதற்குப் பதில் கையில் இருக்கட்டும். பென் வோக்குக்குச் செய்த முதல் அட்டையே கலர்தான், 1943 அக்டோபர் இதழ். ஆகவே 1950 ஏப்ரல் முதல் தேதி இதழின் அட்டை கறுப்பு வெள்ளையில் வந்தது வேறு வழியில்லாமல் அல்ல. மாடல் ஜீன் பேச்செட் தொப்பியும் முகத்தை மூடிய வலையுமாக, கண்ணை மட்டும் பக்கவாட்டில் திருப்பி நிற்கிறார். நிறம் இருந்திருந்தால் நம் கண் முதலில் உதட்டுச் சாயத்துக்குப் போயிருக்கும் என்று சொன்னேன். இங்கே அந்தத் திரும்பிய பார்வைக்குத்தான் போகிறது.

அடுத்த கேள்வி: "துணி விற்க எடுத்த படத்தை ஏன் இவ்வளவு ஆராய வேண்டும்?" இதற்கு நான் 'சிறு தொழில்கள்' வரிசையைக் காட்டினேன். அதே 1950, அதே பாரிஸ் அறை, அதே வடக்கு வெளிச்சம். விலையுயர்ந்த கவுன்களுக்கு நடுவே கசாப்புக்காரர்களையும் ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துபவரையும் கேக் செய்பவர்களையும் வேலை உடுப்போடு, கையில் கருவியோடு வரவழைத்துப் படமெடுத்தார் பென். லிசாவின் கவுன் பக்கத்தில் கண்ணாடி பொருத்துபவரின் படத்தை வைத்துப் பாருங்கள். ஒளியிலோ மரியாதையிலோ ஒரு இழை குறையவில்லை. எனக்குப் பென் மேல் மதிப்பு கூடியது இதனால்தான். எக்ஸ்டர்னலும் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு படங்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, பலரும் கோட்டை விடும் இடம். பென் 1960களில் தன் பழைய நெகட்டிவ்களை எடுத்து பிளாட்டினம் முறையில், அதாவது பிளாட்டினம் உலோகத்தால் படம் உருவாகும் அச்சு முறையில், மறுபடி அச்சிட ஆரம்பித்தார். காகிதத்தை அலுமினியத் தகட்டில் ஒட்டி, கையாலேயே ரசாயனம் பூசி, ஒரே படத்தைப் பலமுறை ஒளியூட்டி எடுப்பார். தகட்டில் இருப்பதால் காகிதம் சுருங்காது, படம் நகராது. உலோகம் காகித இழைக்குள்ளேயே படிவதால் பளபளப்பு இல்லை, சாம்பல் நிறத்தின் படிகள் அதிகம். எனவே பத்திரிகை மையில் வந்ததும் பிளாட்டினத்தில் வந்ததும் ஒரே படமல்ல. போன் திரையில் பார்த்துவிட்டு "கறுப்பு ஆழமாக இருக்கிறது" என்று எழுதினால், அது உங்கள் போனின் கறுப்பாகவும் இருக்கலாம். எந்த வருடத்து அச்சு, அதை எதில் பார்த்தீர்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.