“எங்கள் வீட்டில்” என்று தொடங்கும் வகுப்பு

புதன்கிழமை மூன்றாவது பீரியட் மணி அடித்ததும் எங்கள் நான்காம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் கேட்டகிசம், அதாவது அவர்கள் மதப் பாடப் புத்தகத்தோடு மாடிக்குப் போவார்கள். இந்து, முஸ்லிம், ஜைனப் பிள்ளைகளும் ஒரே ஒரு சீக்கியப் பையனும் கீழேயே உட்கார்ந்து மாரல் சயின்ஸ் படிப்போம். உண்மை பேசு, பெரியவர்களை மதி, காலையில் பல் துலக்கு. பாடம் இவ்வளவுதான். மாடியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்பது எங்களுக்குப் பெரிய மர்மம். கீழே நாங்கள் என்ன செய்கிறோம் என்பது அவர்களுக்கு மர்மம்.

1983இல் எங்கள் பள்ளி அப்படித்தான் இருந்தது. பெங்களூர் கன்டோன்மென்ட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பாடம் ஆங்கிலத்தில், கன்னடம் ஒரு பீரியட், ஆனால் தண்ணீர்க்குழாய் பக்கம் போனால் எல்லார் பேச்சும் தமிழ்தான். சேட்டுக் கடைப் பையனும் அல்சூர் பஞ்சாபிப் பையனும்கூடத் தமிழில்தான் சண்டை போடுவார்கள்.

எங்கள் வகுப்பின் ஒரே சீக்கியனான அந்தப் பஞ்சாபிப் பையனிடமிருந்துதான் நான் சொல்லவந்த விஷயம் தொடங்குகிறது. அவன் தலையில் சின்னக் கொண்டை, மேலே கறுப்புத் துணி. ஒருநாள் இடைவேளையில் நாலைந்து பேர் அவனைச் சுற்றி நின்று “பொம்பளப் புள்ள, பொம்பளப் புள்ள” என்று கத்தி, துணியைப் பிடித்து இழுத்தோம். இழுத்த கைகளில் என் கையும் ஒன்று. முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. அவன் அழவில்லை. துணியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, முடியை இரண்டு கையாலும் பிடித்தபடியே வகுப்புக்கு வந்தான்.

மிஸ் பார்த்தார். பெயர் சொல்லாமல் மிஸ் என்றே எழுதுகிறேன், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யார் என்று தெரியும். அவர் எங்களை அடிக்கவில்லை, பெஞ்சு மேல் ஏற்றவில்லை. கேட்டகிசத்துக்குக் கிளம்பியவர்களையும் நிறுத்தி உட்காரவைத்தார்.

“உங்க கழுத்துல, கையில, இடுப்புல வீட்டில கட்டிவிட்டது என்னென்ன இருக்கு? மத்தவங்க தொட்டா உங்களுக்குப் பிடிக்காதது எது? இஷ்டம் இருக்கறவங்க மட்டும் சொல்லுங்க” என்றார்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு பையன் சட்டைக்குள்ளிருந்து உத்தரியத்தை, கத்தோலிக்கர்கள் கழுத்தில் போடும் துணிப்பட்டைக் கயிற்றை, எடுத்துக் காட்டினான். இன்னொருத்தன் கையில் கட்டியிருந்த தாயத்தைக் காட்டி, மஸ்தான் தர்காவில் ஓதிக் கட்டியது என்றான். சிலரிடம் சிலுவை, சிலரிடம் திருப்பதிக் கறுப்புக் கயிறு. கடைசியில் அரைஞாண் கயிற்றில் வந்து நின்றது. அது மூன்று மதத்துப் பிள்ளைகள் இடுப்பிலும் இருந்தது! எங்களுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

பஞ்சாபிப் பையனை மிஸ் கேட்கவே இல்லை. “நீ சொல்லணும்னு இல்ல கண்ணு” என்று மட்டும் சொன்னார். அவனாகவே எழுந்து கைக்காப்பைக் காட்டினான். “எங்கம்மா தினம் காலைல சீவி முடிஞ்சு விடுவாங்க மிஸ். அதை இழுத்தா அம்மாவை இழுக்கற மாதிரி இருக்கு.”

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வாக்கியத்தை இன்னும் என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை.

அதற்குப் பிறகு மாதத்தின் கடைசிப் புதன்கிழமை வகுப்பு பிரியவில்லை. தலைமை ஆசிரியையிடம் பேசி மிஸ் அனுமதி வாங்கியிருந்தார். பெற்றோருக்கும் சீட்டு எழுதி அனுப்பி, கையெழுத்து வாங்கினார். அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவைப் வளர்ந்த பிறகு படித்தபோதுதான் அந்தச் சீட்டின் மதிப்பு புரிந்தது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனையே கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையில் உட்காரவைக்கக் கூடாது. மிஸ் செய்தது போதனையே இல்லை, ஆனாலும் கேட்டார். “சாமி கும்பிடச் சொல்லித்தரது உங்க வீட்டு வேலை. பக்கத்து வீட்டுல எப்படிக் கும்பிடறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுதான் இங்க வேலை” என்று எங்களிடமும் சொல்லிவிட்டார்.

அந்த வகுப்புக்கு ஒரே ஒரு விதி. எதைச் சொன்னாலும் “எங்க வீட்டில” என்று தொடங்கவேண்டும். இந்துக்கள் இப்படி, முஸ்லிம்கள் அப்படி என்று யாரும் பேசக்கூடாது. மிஸ்ஸே முதலில் சொன்னார்: “எங்க வீட்டில ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசைக்குப் போவோம். கோலார் தங்கவயல்ல எங்க பாட்டி ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழும் ஊத்துவாங்க.” கேட்டகிசம் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெண், “எங்க வீட்டிலயும் மிஸ்” என்றாள்.

அந்த விதி என்னென்ன செய்தது என்பது ஆசிரியையான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு முஸ்லிம் வீடுகள் ஒன்றாக இல்லை. ஒன்றில் தமிழ், ஒன்றில் உருது. ஒன்றில் தர்காவுக்குப் போவார்கள், இன்னொன்றில் போகக்கூடாது என்பார்கள். இரண்டு பிள்ளைகளும் சொன்னது உண்மை, இருவரும் மோதிக்கொள்ளவில்லை. ஜைனனான சேட்டுப் பையன் தன் வீட்டில் வெங்காயம், உருளைக்கிழங்கு கிடையாது, மண்ணுக்குள் விளைவதைப் பிடுங்கினால் நிறைய உயிர் சாகும் என்று பாட்டி சொல்வார் என்றான். அவன் டிபன் டப்பாவை அதுவரை கேலி செய்துகொண்டிருந்தோம்.

நான் பெங்களூர்க் கரகத் திருவிழாவைப் பற்றிச் சொன்னேன். அப்பாவுக்குக் காட்டன்பேட்டையில் வேலை. சித்திரைப் பௌர்ணமி இரவு எங்களை அங்கே கூட்டிப்போவார். தர்மராயசாமி கோயிலிலிருந்து பெண் வேடத்தில், தலையில் பூக்கரகத்தோடு வருபவர் திரௌபதியாகவே வருகிறார் என்று அம்மா கைகூப்புவாள். அந்தக் கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய்விட்டுத்தான் மேலே நகரும். சொல்லி முடித்ததும் தாயத்துக்காரப் பையன் துள்ளி எழுந்தான். “மிஸ், எங்க வீட்டில எல்லாரும் தர்காவுக்கு உள்ள நின்னு பாப்போம்!” ஒரே இரவை வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வெளியேயும் கூட்டிப்போனார். ஆகஸ்ட் 29 திருவிழாக் கொடியேற்றம் முடிந்த வாரத்தில் சிவாஜிநகர் மாதா கோயில். காவிச் சேலையில் வந்திருந்த பெண்களில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமம். இன்னொரு மாதம் சோமேஸ்வரர் கோயில். அப்புறம் அல்சூர் ஏரிக்கரை குருத்வாரா. தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நுழைந்தோம். அன்று பஞ்சாபிப் பையனின் அம்மா வாசலில் நின்று, இரண்டு கையையும் குவித்து எப்படிப் பிரசாதம் வாங்குவது என்று ஒவ்வொருவருக்கும் காட்டினார். கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்த சூடான அல்வா. என் கையில் வைத்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது கிழக்கு லண்டனில் ஒரு தொடக்கப்பள்ளியில் இருக்கிறேன். இங்கே மதக் கல்வி கட்டாயப் பாடம். 1944 கல்விச் சட்டத்தில் மத போதனை என்றிருந்ததை 1988இல் மதக் கல்வி என்று மாற்றி, கிறிஸ்தவத்தோடு நாட்டின் மற்ற முக்கிய மதங்களையும் பாடத்திட்டம் கணக்கில் எடுக்கவேண்டும் என்றார்கள். வேண்டாமென்றால் பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். பாடத்திட்டம், படங்கள், பெட்டி நிறையப் பொருள்கள், எல்லாம் உண்டு. அப்படியும் போன வருஷம் ஒரு தப்பு செய்தேன்.

ரமலான் பாடம். ஒன்பது வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து, “நீ சொல்லு, உங்கள் எல்லோருக்கும் நோன்பு எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். அவன் முகம் சிவந்தது. “எங்கப்பா நோன்பு வைப்பதில்லை” என்று மெல்லச் சொன்னான். வகுப்பில் யாரோ “ஹா” என்றார்கள். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு, சிறுவர்களுக்குக் கடமையே இல்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும், ஒரு மதத்துக்கே பதில் சொல்லும்படி ஒரு குழந்தையை நிறுத்திவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. முழுக்கக் கேட்டார்.

“அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டியாம்மா?”

“இன்னும் இல்ல மிஸ்.”

“தப்பா கேட்டது எல்லார் முன்னாடி. மன்னிப்பும் எல்லார் முன்னாடியே கேட்டுடு. அப்புறம் உங்க வீட்டிலேருந்து ஆரம்பி.”

அப்படியே கேட்டேன். பிறகு, எங்கள் வீட்டில் அம்மா சஷ்டி விரதம் இருப்பாள், அப்பா இருக்கமாட்டார், ஆனால் அம்மா சாப்பிடும்வரை தானும் இலை போடச் சொல்லமாட்டார் என்று சொன்னேன். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையன் கையைத் தூக்கினான்.

“எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை. டாக்டர் வேண்டாம் என்றார். சாயங்காலம் எல்லோருக்கும் பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்குவது அப்பாதான். பாங்கு சொன்னதும் முதல் பழத்தை அம்மாவுக்குக் கொடுப்பார்.”