வாவி நகரில் தீயணைப்பு வண்டிகளைத் தேடி

ஊர் ஊராகச் சென்று தீயணைப்பு வண்டிகளைப் படமெடுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இலங்கை சலிக்காத நாடு. தமிழ்நாட்டைப் போல மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை என்ற ஏற்பாடு இங்கு இல்லை. பெரும்பாலும் அந்தந்த மாநகர சபையே தனக்கென ஒரு தீயணைப்புப் பிரிவை நடத்துகிறது. ஆகையால் ஓர் ஊரில் பார்த்த வண்டியின் அமைப்பையோ அதன்மீது எழுதியிருக்கும் முறையையோ அடுத்த ஊரில் எதிர்பார்க்க முடியாது. அந்த வேறுபாட்டைக் காண்பதற்காகவே மட்டக்களப்புக்கும், அம்பாறை மாவட்டத்துக் கல்முனைக்கும் புறப்பட்டேன்.

கொழும்பிலிருந்து உதயதேவி ரயிலில் வந்திறங்கி, மறுநாள் காலையில் முன்னரே பெற்றிருந்த அனுமதியுடன் மட்டக்களப்பு மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்குச் சென்றேன். வண்டி வெளியேறும் வாசலுக்கு நேரே நிற்கக்கூடாது, அழைப்பு வந்தால் உடனே சுவரோரம் ஒதுங்கிவிட வேண்டும் என்பவை மட்டுமே அவர்கள் விதித்த நிபந்தனைகள். வண்டியின் முகப்பை நான் பல கோணங்களில் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த மூத்த உத்தியோகத்தர் ஒருவர், "மனே, முகத்தத்தான் எல்லாரும் எடுக்காங்க. பம்பியையும் கொஞ்சம் பாருங்க," என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. முகப்பு எந்த லொறிக்கும் இருப்பதுதான். வண்டியைத் தீயணைப்பு வண்டியாக்குவது பம்பியும், அதன் அழுத்தமானிகளும், தண்ணீரை இழுக்கும் வாயும், வெளியேற்றும் வாய்களும்தான். தண்ணீரை உறிஞ்சும் குழாய் மற்றக் குழாய்களைப் போல மடிந்து சுருளாமல் விறைப்பாக இருக்கிறது. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றியதும் வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுவதால், மென்மையான குழாயாக இருந்தால் அந்த அழுத்தத்தில் நசுங்கிவிடும். கணக்குப்படி ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டும். நடைமுறையில் 7 மீற்றரைத் தாண்டுவதே கடினம்.

மட்டக்களப்பு நகரின் மையமான, வாவி சூழ்ந்த புளியந்தீவில் இது வெறும் பாடநூற் செய்தியாகத் தோன்றவில்லை. 4000 லீற்றர் கொள்ளும் தாங்கியிலிருந்து நிமிடத்துக்கு 400 லீற்றர் வீதம் பீய்ச்சினால் பத்து நிமிடத்தில் அது காலியாகிவிடும். அதன்பின் தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வர வேண்டும், அல்லது வாவியில் குழாயை இறக்க வேண்டும். வாவி நீர் உவர்ப்பானது என்பதால், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுப் பம்பியைக் கழுவாவிட்டால் உட்பாகங்களை உப்பு அரித்துவிடும். உறிஞ்சும் குழாயின் நுனியில் குப்பையைத் தடுக்கும் வடிகூடையை மட்டுமே வைத்து நெடுநேரம் படமெடுத்தேன்.

படமெடுப்பவர்களுக்காகச் சில வார்த்தைகள். சிவப்பு நிறம் கமராவில் எளிதில் அளவுக்கு மீறிப் பதிந்து, வளைவு நெளிவுகள் தெரியாத ஒரே பூச்சாகிவிடும். வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுப்பதே நல்லது. ஒளிதெறிக்கும் பட்டிகள் இருப்பதால் பிளாஷைத் தொடவே வேண்டாம். மின்னும் விளக்குகளுக்கு அதிவேக ஷட்டர் வைத்தால் பாதிப் படங்களில் விளக்கு அணைந்தே கிடக்கும். தீப்பற்றிய இடத்துக்கு நான் கமராவுடன் போவதில்லை. பிறர் வீடு எரிவது என் பொழுதுபோக்குக்கு உரியதல்ல.

காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி வழியாகப் பஸ்ஸில் கல்முனையை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வெளியே படமெடுக்க அது உகந்த நேரமல்ல. தீயணைப்புப் பிரிவின் நிழலில் அமர்ந்து, அங்கிருந்தவர்களுடன் ஜப்பானிய வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஜப்பானிலும் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்வதால் அங்கு ஓடிய வண்டியை நம் வீதிக்குக் கொண்டுவருவதில் சிரமமில்லை. சிக்கல் குழாய்களின் இணைப்பில்தான்: ஜப்பானிய இணைப்பும் பிரித்தானிய முறை இணைப்பும் ஒன்றோடொன்று பொருந்தாது, இரண்டுக்கும் நடுவே ஓர் அடப்டர் தேவை. உள்ளங்கையில் அடங்கும் அந்த உலோகத் துண்டு இல்லாவிட்டால், பக்கத்து ஊர் வண்டி உதவிக்கு வந்தும் தண்ணீரைக் கைமாற்ற முடியாமல் நிற்க நேரும். அப்படியொன்றை மேசைமேல் வைத்து, யன்னல் வெளிச்சத்திலேயே படமெடுத்துக்கொண்டேன்.