இரண்டு மரக்குச்சிகளும் ஒரு கிளாரினெட்டும்

மெக்சிகோ இசையமைப்பாளர் அர்துரோ மார்கேஸ் 1994இல் எழுதிய ‘தான்சோன் எண் 2’ என்னும் இசைக்கோவையை நேற்றிரவு விளக்கை அணைத்துவிட்டு மூன்று முறை கேட்டேன். பத்து நிமிடம்தான். தான்சோன் என்பது கியூபாவில் பிறந்து, வெராகுரூஸ் துறைமுக நகரில் வேரூன்றி, மெக்சிகோவின் நடனக்கூடங்களில் குடியேறிய ஜோடி நடனம். அந்த எளிய மக்களின் ஆட்டத்தை அதன் வாசம் கெடாமல் ஒரு முழு சிம்பொனி இசைக்குழுவுக்காக எழுதியிருக்கிறார் அவர்.

கிளாவெஸ் எனப்படும் இரண்டு மரக்குச்சிகள் ‘டக், டக்’ என்று தாளம் பிடிக்க, கிளாரினெட் சற்றும் அவசரப்படாமல் ஒரு மெட்டை எடுத்துக்கொடுக்கிறது. ஓபோ என்னும் குழல்கருவி வந்து சேர்ந்துகொள்கிறது. இவ்வளவு நாசூக்காகத் தொடங்கியதா இது என்று வியக்கும்படி, பிறகு பியானோ தாளத்தை இறுக்க, டிரம்பெட்டுகள் சீற, மொத்தக் குழுவும் கால் தரையில் நிற்காத வேகத்துக்குப் போய்விடுகிறது. (மூன்றாம் முறை நானும் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தேன்.)

2007இல் இசைக்குழு நடத்துனர் குஸ்தாவோ துதாமெல், வெனிசுவேலாவின் சிமோன் பொலிவார் இளைஞர் இசைக்குழுவைக் கொண்டு வெளிநாட்டு மேடைகளில் இதை வாசிக்கவைத்த பிறகு இதன் புகழ் வெகுவாகப் பரவியது. அரங்கை எழுந்து நிற்கவைப்பது அந்த ஆரவாரமான முடிவுதான் என்றாலும், என் மனம் நின்றது நடுவில் எல்லாம் அடங்கியபின் தனி வயலின் பாடும் இடத்தில்.