புள்ளி காணாமல் போன கதை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்தே வேலை பார்த்த காலம். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட் (Git). அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். யார் எத்தனை கமிட் போட்டார்கள் என்று ஊழியர் பட்டியலின் பெயர்களோடு பொருத்தி, கிட்டிலிருந்து எண்ணித் தரும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருந்தேன். (கமிட்டை எண்ணி ஆளை அளப்பது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.) ஒரு மாதம், ஊழியர் பட்டியலைச் சான்றிதழில் உள்ளபடி திருத்தி அனுப்பினார்கள். என் பெயருக்கு நேரே பூஜ்யம் வந்தது.

சான்றிதழில் என் பெயர், அப்பாவின் இனிஷியல், கடைசியில் ஒரு புள்ளி. கிட்டின் அமைப்புக் கோப்பான கான்ஃபிகிலும் அப்படியேதான் கொடுத்திருந்தேன். பிறகு ஏன் பொருந்தவில்லை? இரண்டு மணி நேரம் என் ஸ்கிரிப்டையே குடைந்தேன். நடுவில் கரண்ட் வேறு போய்விட்டது.

அப்புறம்தான், உள்ளே பதிந்திருப்பதை அப்படியே காட்டும் கேட்-ஃபைல் கட்டளையால் கமிட்டை உரித்துப் பார்க்கத் தோன்றியது. ஆத்தர் வரியில் பெயர், கோண அடைப்புக்குள் மின்னஞ்சல், நொடிக்கணக்கில் நேரம், நம் நேர மண்டலமான +0530 எல்லாம் ஒழுங்காக இருந்தன. இனிஷியலும் இருந்தது. புள்ளியை மட்டும் காணோம்.

கிட்டின் மூலநிரலில் ஐடென்ட்.சி என்றொரு கோப்பு. அதில் ஒரு குட்டி ஃபங்ஷன். அதன் பெயரே 'க்ரட்', அதாவது அழுக்கு. பெயரின் இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் காற்புள்ளி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி போன்றவற்றை அழுக்கு என்று காட்டிக்கொடுப்பது அதன் வேலை. அதைக் கேட்டுத் துடைத்தெடுப்பது அதே கோப்பில் உள்ள இன்னொரு ஃபங்ஷன். எங்களிடம் இருந்த பழைய பதிப்பில் புள்ளியும் அந்த அழுக்குக் கணக்கில் இருந்தது. நடுவில் வரும் புள்ளியைத் தொடாது. அதனால் இனிஷியலை முன்னால் போடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் போடும் எங்களுக்குத்தான் அடி. ஆனால் கோண அடைப்புக்குறியை எங்கிருந்தாலும் எடுத்துவிடும். மின்னஞ்சல் எங்கே தொடங்குகிறது என்று அதை வைத்துத்தானே தெரியும், அது நியாயம்.

பழைய கமிட்டுகளைத் திருத்த முடியாது. ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்தான் ஹாஷ். பெயரும் சேர்ந்துதான் ஹாஷ் ஆகிறது. புள்ளியைத் தொட்டால் அதற்குப் பின்னால் வந்த அத்தனை ஹாஷும் மாறும். எந்த மின்னஞ்சலுக்கு எந்தப் பெயரைக் காட்ட வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் மெயில்மேப் கோப்பில் என் மின்னஞ்சலுக்கு நேரே புள்ளியோடு பெயரை எழுதினேன். ஆள்வாரியாகக் கமிட்டைப் பட்டியலிடும் ஷார்ட்லாக் கட்டளை ஒழுங்காகக் காட்டியது. ஸ்கிரிப்டையும் மெயில்மேப் பார்த்துப் பெயரை எடுக்கும்படி மாற்றினேன். மொத்தம் இரண்டு வரி வேலை.

சாயங்காலம் திண்ணையில் அப்பாவிடம் சொன்னேன்.

"எழுத்து இருக்குல்ல?" என்றார்.

"இருக்குப்பா. புள்ளிதான் போச்சு."

"நம்ம சிட்டாவுல எழுத்தே தப்பா இருக்கு. அதை மாத்தத்தான் மூணு தடவை போயிட்டு வந்திருக்கேன். உன் மெஷின்ல அதுக்கு ஏதாவது வழி இருக்கா பாரு."