இடிச்சிறகியின் முட்டை

எங்கள் கேமுக்காக உருவாக்கிய பறவை வடிவப் புயல் பூதம் இடிச்சிறகி. அதற்குக் கால் வேண்டாம் என்று சண்டை போட்டதே நான்தான். கேம் குழுவில் எல்லோருக்கும் கழுகுக்கால் மேல் ஆசை. தரையிறங்காத உயிருக்கு நகம் எதற்கு? சில உழவாரக் குருவிகள் 10 மாதம் எங்கும் உட்காராமல் பறந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2016-இல் பதிவு செய்தார்கள். அதைக் காட்டி ஜெயித்தேன். பறவைகளுக்கு இருப்பது போலக் காற்றுப்பைகள், நுரையீரலில் ஒரே திசையில் ஓடும் காற்று, எல்லாவற்றிலும் அதே பிடிவாதம். புயல் பூதம்தானே, எதையாவது வரையலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இரையையும் அப்படித்தான் யோசித்தேன். இடிமேகத்துக்குள் பனித்துணுக்குகளும் படிகங்களும் மோதி உரசும்போது மின்னேற்றம் பிரிகிறது. பெரும்பாலும் லேசான படிகங்கள் நேர்மின்னேற்றத்தோடு உச்சிக்குப் போகும். கனத்த துணுக்குகள் எதிர்மின்னேற்றத்தோடு கீழே தங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கியே இடிச்சிறகி பசியாறும். படிகம் உரசும் இறகு நுனிகளில் மட்டும் நீல ஒளி. (எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.)

முட்டையில்தான் சிக்கல். தனி இடிமேகம் ஒன்று பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மேகம் தீர்ந்தால் உடலும் கலைய வேண்டும். அதனால் முட்டையை ஆலங்கட்டியாக்கினேன். மேலெழும் காற்று தாங்கத் தாங்க வெங்காயம் போல ஏடு ஏடாக வளரும், எடை கூடியதும் விழும், உருகி ஆவியாகி வேறொரு மேகத்தில் குஞ்சாகும்.

அனிமேஷன் செய்யும் பெண் கேட்டார்: "அப்போ குஞ்சு தாயைப் பார்க்கவே பார்க்காதா சார்?"

"அது பறவை இல்லைம்மா, புயல்" என்றேன்.

"சரி சார்" என்றார். அவர் வரைந்து வைத்திருந்ததில் பெரிய சிறகுக்கு அடியில் ஒரு சின்னச் சிறகும் இருந்தது. அதை அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

பதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். மெகாபோட் என்ற பறவையின் குஞ்சு மண்மேட்டுக்குள் பொரிந்து, தானே தோண்டி வெளியே வந்து, தாய் தகப்பன் துணையில்லாமல் பிழைக்கிறது. முட்டைகள் பொரியும் சமயத்தில் தாய் ஆக்டோபஸ் செத்துப்போகிறது. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அதுவரை பறவை, பறவை என்று வாதாடியவன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எப்படிப் புயலானேன்?

இன்னொன்றும் இருக்கிறது. மேகங்கள் எப்போதும் தனியாகச் சாவதில்லை. அடங்கும் மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று பக்கத்துச் சூடான காற்றை மேலே தள்ள, அங்கே புது மேகம் எழும். தாய் அதற்குத் தாவலாம், குஞ்சைப் பார்க்கலாம். இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் அதை அனுமதித்தால் இடிச்சிறகி மேகம் மேகமாகத் தாவிக்கொண்டே இருக்கும், அதற்குச் சாவே வராது. சாகாத உயிருக்கு முட்டை எதற்கு என்று அப்புறம் வேறு யாராவது கேட்பார்கள். அந்த நியாயம் எனக்கு இன்னும் சரியாகத்தான் படுகிறது.

அவர் கேட்டது உயிரியல் கேள்வியே இல்லை என்றும் சில நாள் தோன்றுகிறது. ஆனால் முட்டையிடும் என்று நானே எழுதிக் கொடுத்த பிறகு, குஞ்சைப் பற்றிக் கேட்கத்தானே செய்வார்கள்.