குளக்கரையில் மரம் நட இரண்டு வருடம் அலைந்தோம்

வவுனியா நகரத்துக்குள் வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், கோவில்குளம் என்று இடத்தின் பெயரிலேயே குளம் இருக்கும். எங்கள் ஒழுங்கை முடிவதும் ஒரு சிறு குளத்தில்தான். கீழே இருந்த வயல்களெல்லாம் இடம்பெயர்ந்து வந்தவர்களின் குடிமனைகளாகிப் பல வருடங்கள். வயலுக்குத் தண்ணீர் விடும் துருசைத் திறக்க ஆளில்லை. நீர் ஏறி இறங்கும் அலைகரையில் குப்பை, நீரின் மேல் பச்சைப் பாயாகச் சல்வீனியா என்ற மிதக்கும் களை. நான் சிறுமியாக இருந்தபோது விடியற்காலையில் குளத்துத் தாழைக்கோழிகள் கத்துகிற சத்தத்தில்தான் எழும்புவோம். அந்தச் சத்தம் நின்றுபோனதைத் தாங்க முடியாமல்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் பிரதேச செயலகத்தில் பதிவானது, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் இருந்தது. யாரிடமாவது உதவி கேட்க நினைப்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் சரிசெய்யுங்கள். தனி ஆளின் கணக்குக்கு யாரும் பணம் போடமாட்டார்கள்.

அடுத்தது, குளம் யாருடையது என்ற கேள்வி. நகரத்துக்குள் இருப்பதால் நகரசபையிடம் போனோம். அவர்கள் கமநல சேவை நிலையத்துக்கு அனுப்பினார்கள். 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. வயல் போனாலும் குளம் அவர்களுடையதுதான். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகச் சொன்னார்: "ரீச்சர், கமக்காரர் அமைப்பின்ர கடிதம் வேணும். ஆனா வயலே இல்லாத இடத்தில அமைப்பை எங்க தேடுவியள்?"

தேடினோம். பழைய தலைவர் ஐயாவுக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "தண்ணியை மறிச்சு ஒண்டும் கட்டமாட்டியள்தானே பிள்ளை?" என்று உறுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்து வைத்தார். பிறகு கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலகத்தின் சம்மதம். எல்லை அளக்கத்தான் அதிக காலம் பிடித்தது, பத்து மாதம். பழைய வரைபடத்தின்படி எல்லைக்கோடு நான்கு வீடுகளின் குசினிக்குப் பின்னால் போனது. அந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். பிணக்கில்லாத கிழக்குக் கரையில் தொடங்கினால் போதும். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். வழக்கென்று போயிருந்தால் ஒரு கன்றுகூட நட்டிருக்கமாட்டோம்.

பணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் உதவ வந்த ஒரு நிறுவனத்துக்குக் குளத்தைச் சுற்றிக் கல் பதித்த நடைபாதையும், கதிரைகளும், இரவில் எரியும் வண்ண விளக்குகளும் வேண்டியிருந்தன. படம் எடுத்தால் தெரியும் என்றார்கள். பறவைக்குத் தேவையானது வேறு. சேற்றுச் சரிவு வேண்டும், கொக்கும் உள்ளானும் அதில்தான் இரை தேடும். கரையைக் கல்லால் கட்டினால் அது போய்விடும். வெளிச்சம் இருந்தால் இரவில் அடைய வரும் பறவைகள் விலகும். நான்கு மாதம் பேசிப் பார்த்துவிட்டு அந்தப் பணம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். சங்கத்தில் சிலர் என்னோடு கோபித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் ஒரு தம்பி, உலகச் சூழல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியின் சிறுமானியத் திட்டத்து விண்ணப்ப மாதிரியைக் கொண்டுவந்து காட்டினான். 1992இல் தொடங்கிய திட்டம் அது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக, அப்போது பொதுவாக 50,000 டொலர் வரை சமூக அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை, நாங்கள் விண்ணப்பிக்கவும் இல்லை. ஆனால் நாங்கள் செய்கிற சிரமதானத்தையும் பணமாகக் கணக்கிட்டு எங்கள் பங்காகக் காட்டலாம் என்பதை அதில்தான் கற்றுக்கொண்டோம். ஒரு நாள் கூலி இவ்வளவு, இத்தனை பேர், இத்தனை நாள் என்று எழுதினபோது எங்கள் பங்கே பாதிக்கு மேல் வந்தது. அந்தக் கணக்கோடு போனபோது கோயில் பரிபாலன சபையும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளும் மிச்சத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

கன்று வாங்கப் பணம் தர ஆள் கிடைக்கும். ஆடி, ஆவணி வெயிலில் பவுசரில் தண்ணீர் கொண்டுவரவும், ஊற்றுகிறவருக்குக் கூலி கொடுக்கவும் பணம் கேட்டால்தான் தயங்குவார்கள். அதனால் இரண்டு கோடைக்கான தண்ணீர்ச் செலவை முதல் வரியிலேயே எழுதினோம். மாடு புகாமல் இருக்க வேலிக்கு நடும் கிளுவங்கதியாலும் முட்கம்பியும் இரண்டாவது வரி. கன்றுகள் அதற்குப் பிறகுதான்.

அயலவர்களின் பயம் நியாயமானது. பற்றை வளர்ந்தால் பாம்பு வரும், தண்ணீர் நின்றால் டெங்கு வரும் என்றார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டத்துக்கு அழைத்தோம். டெங்கு நுளம்பு பெருகுவது ரயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு போன்றவற்றில் தேங்கும் தண்ணீரில், மீன் உள்ள குளத்தில் அல்ல என்று அவர் விளக்கினார். அலைகரையில் கிடந்த ரயர்களை அன்றைக்கே ஏற்றிப் போனோம். பாம்புக்காக வீட்டு வேலிகளில் இருந்து இருபதடி தூரம் புல்லைக் கட்டையாக வெட்டி வைக்க ஒப்புக்கொண்டோம்.

சல்வீனியாவை வாரி எடுத்ததுதான் முறிவான வேலை. 1939இல் கொழும்புக்குத் தாவரவியல் தேவைக்காகக் கொண்டுவந்த செடி, இன்று எங்கள் ஒழுங்கை வரை வந்திருக்கிறது. சிறு துண்டு மிஞ்சினாலும் திரும்ப மூடிவிடும். வாரிக் கரையில் போட்டால் மழை திரும்ப இழுத்துக்கொண்டு போகும், குளக்கட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த்தான் குவிக்க வேண்டும். அனுமதி பெற்றுத் தோண்டிய வண்டலை வெளியே விற்காமல் நடுவில் ஒரு திட்டாகப் போட்டோம். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் நாய் எளிதில் போகாது, பறவைகள் பயமில்லாமல் இருக்கும்.

ஐப்பசி மழை விழுந்ததும் நட்டோம். நீரோரத்தில் மருது, சற்று மேலே நாவல், இலுப்பை, இன்னும் மேலே பாலையும் வீரையும். பாலை மெதுவாகத்தான் வளரும் என்று பலர் தடுத்தார்கள். அதன் பழத்துக்கு வராத பறவை வன்னியில் உண்டா? நட்ட 240 கன்றுகளில் முதல் கோடையில் 90 செத்தன. அடுத்த ஐப்பசியில் அதே குழிகளில் திரும்ப நட்டோம். தாழைக்கோழிகள் கன்றுகளைப் பார்த்து வரவில்லை. நாங்கள் ஒன்றும் செய்யாமல் விட்ட பன்புல்லுக்குள்தான் வந்தன.

மிகைநீர் வழிந்தோடும் வான் பக்கத்தில் ஒரு பட்ட மருதமரம் நின்றது. விறகுக்கு விலை பேசி ஆள் வந்தார், பணமும் நல்ல பணம். சங்கத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வெட்டாமல் விட்டோம். போன வருடம் மரங்கொத்தி அதில் பொந்து குடைந்தது. இந்தத் தை மாதத்தில் இருந்து அந்தப் பொந்துக்குள் ஒரு சோடிக் கிளி போய் வருகிறது. எதிர்த்து வாக்களித்த அன்னம்மா அக்காதான் பின்னேரங்களில் குளக்கட்டில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் கல்லெறிய வரும் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருக்கிறார்.