ஆயுளுக்கு ஒரு பைசன்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் குடியேறிவிட்ட என் பெறாமகன், பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருமையின் வேட்டைக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தோடு அதற்கான விதிகளை எனக்கு அனுப்பி, “சித்தப்பா, இதில் எதைத் தெரிவு செய்வது?” என்று கேட்டிருந்தான். ஒட்டுசுட்டான் காடுகளில் இடியன் என்ற நாட்டுத் துவக்கோடு திரிந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, வேட்டை என்பது இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் தடுக்கின்ற, ஆனாலும் கள்ளமாக நடந்துகொண்டிருக்கின்ற ஒரு காரியம். அதற்கு ஓர் அரசாங்கமே விண்ணப்பம் கோருவதைப் படிக்கப் புதினமாக இருந்தது.

அவன் கண் வைத்திருப்பது யூட்டாவின் ஹென்றி மலைகளில் வாழும் பைசன் கூட்டத்தில். 1941 இல் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட 18 பைசன்களின் வழிவந்த கூட்டம் அது. முதலில் வறண்ட நிலத்தில் விடப்பட்டவை, பின்னர் ஆற்றைக் கடந்து தாமாகவே மலைப்பக்கம் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கண்டம் முழுவதிலும் ஆயிரத்துக்கும் குறைவாகச் சுருங்கிப்போன ஓர் இனம், வேலி எதுவுமின்றி அங்கே நடமாடுகிறது. அங்கு அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த ஓநாய்கள் இல்லாததால், வேட்டை முடிந்த பின் ஏறத்தாழ 325 வளர்ந்த விலங்குகள் எஞ்சியிருக்க வேண்டும் என்று கணக்குவைத்து அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள். அதே நிலத்தில் மாடு மேய்ப்பவர்கள், புல்லையெல்லாம் பைசன்களே தின்று தீர்ப்பதாக நெடுங்காலம் முறைப்பட்டு வந்தார்கள். ஆனால் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, மேயப்பட்ட புல்லில் பாதிக்கு மேல் மாடுகளுக்கும், மூன்றில் ஒரு பங்கு முயல்களுக்கும் போயிருக்க, பைசன்களின் பங்கு ஏறத்தாழ 14 வீதமாகவே இருந்தது. (முயலின் மீது யாரும் முறைப்பாடு கொடுத்ததாகத் தெரியவில்லை.)

விண்ணப்ப முறைக்கு வருகிறேன். பைசன் அங்கே ஆயுளில் ஒருமுறை மட்டும் அனுமதிக்கப்படும் இனங்களுள் ஒன்று. குலுக்கலில் ஒருதடவை விழுந்துவிட்டால், பிறகு பைசனுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மாநிலத்தில் வசிப்பவர் ஒரு வருடத்தில் இத்தகைய இனங்களுள் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம் என்பதால், பைசனைக் கேட்பவன் அந்த வருடம் மூஸ் மானையும் மலையாட்டையும் கைவிட வேண்டும். நண்பர்கள் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போடவும் இடமில்லை. விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைக்காது; அனுமதிப்பத்திரத்துக்கான பெரிய தொகை, விழுந்தால் மட்டுமே அறவிடப்படும்.

விழாதவருக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு மேலதிகப் புள்ளி சேரும். பத்திரங்களில் பாதி, கூடிய புள்ளி வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. மறுபாதி எல்லோருக்குமான குலுக்கல். அதிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எழுமாற்று இலக்கம் கூடுதலாகக் கிடைக்க, அவற்றுள் மிகச் சிறியதையே கணக்கில் எடுப்பார்கள்; இலக்கம் சிறிதாக இருப்பவருக்கே முதலில் பத்திரம். போருக்குப் பின் வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல்களில் புள்ளி எண்ணிக் காத்திருந்த எங்களுக்கு இந்த முறையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. புள்ளியை மட்டுமே பார்க்கும் பட்டியலில் புதிதாகச் சேர்பவனுக்கு எந்நாளும் இடம் வராது. விண்ணப்பகாரர் பெருகப் பெருக, முன்னால் நிற்பவருக்குக்கூட வரிசை நீண்டுகொண்டே போகும். ஆகவே பாதியைக் குலுக்கலுக்கு விட்டது நியாயமென்றே நினைக்கிறேன். ஒருமுறை பெற்றவர் நிரந்தரமாக விலக வேண்டும் என்ற விதி அதைவிட நியாயமானது.

புள்ளியே இல்லாத என் பெறாமகனுக்கு, ஒதுக்கப்பட்ட பாதி இப்போதைக்கு எட்டாது. குலுக்கல் பாதி ஒன்றே வழி. அவன் ஆணோ பெண்ணோ எதையும் சுடலாம் என்ற பத்திரத்தைக் கேட்க விரும்புகிறான், பெரிய தலையைச் சுவரில் மாட்டும் ஆசையில். பெண் பைசனுக்கு மட்டுமான பத்திரத்துக்குப் போட்டி குறைவு என்பதால் அதையே கேட்கச் சொன்னேன். இரண்டுக்கும் கொம்பு உண்டு என்பதால், ஆணின் கொம்பு அடியில் தடித்தும் பெண்ணினது மெலிந்து வளைந்தும் இருப்பதைத் தொலைவிலிருந்தே பிரித்தறியப் பழக வேண்டும். மாறிச் சுட்டால் குற்றம். வீட்டுக்குக் கிட்ட, யூட்டாவின் பெரிய உப்பு ஏரியில் இருக்கும் அன்ரிலோப் தீவைப் பற்றியும் கேட்டான். 1893 இல் 12 பைசன்களோடு தொடங்கிய அந்தக் கூட்டத்தை வருடந்தோறும் பட்டிக்குள் சாய்த்துப் பரிசோதித்து மிகுதியானவற்றை விற்கிறார்கள். அங்கும் சில பத்திரங்கள் உண்டென்றாலும், அதை வேட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறைச்சியைப் பற்றி அவன் யோசித்ததாகவே தெரியவில்லை. வளர்ந்த ஆண் 900 கிலோகிராம் வரை வரும். பெண் ஏறத்தாழ அதில் பாதி. வேட்டை இறைச்சியை வீணாக்குவது அந்த மாநிலச் சட்டப்படி குற்றமென்பதால், வெட்டித் துண்டாக்கி மலையிலிருந்து சுமந்து இறக்கியே ஆக வேண்டும். மாடிவீட்டில் சிறிய குளிர்சாதனப் பெட்டியோடு இருப்பவன், பங்கு போடுவதற்கு ஆட்களை இப்போதே பேசிவைப்பது நல்லது என்று எழுதியிருக்கிறேன். பெண் பைசனுக்கே விண்ணப்பிக்கிறேன் என்று பதில் வந்தது. பங்குக்கு முதல் ஆளாகத் தன் மாமனாரின் பெயரையும் எழுதியிருந்தான்.